ஒன்பதாவது டெஸ்க்டாப்

எனக்கு மேசை ஒழுங்காக இருக்க வேண்டும். டீ டம்ளருக்குக் கூட ஓர் இடம் உண்டு. கணினித் திரையும் அப்படித்தான். அக்காவுக்குக் கருவி பொருத்த வந்த அன்று நீங்கள் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஒரு ஈ வந்து உட்கார்ந்தாக்கூட அதுக்குன்னு இடம் குறிச்சு வெச்சிருப்பீங்க போல" என்று சிரித்தீர்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மற்றதெல்லாம் அந்தப் பெருமையிலிருந்து வந்ததால் அதையே முதலில் சொல்கிறேன். என் வேலை, வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு வீட்டிலிருந்தபடி பதில் எழுதுவது. 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதுவேன். ஒரே திரைக்குள் ஒன்பது டெஸ்க்டாப் வைத்திருந்தேன். ஒரு கீயை அழுத்தினால் ஒன்று மறைந்து இன்னொன்று வரும். முதலாவதில் புகார்களும் ஆபீஸ் அரட்டையும். பாட்டு ஐந்தாவதில். எந்த விண்டோ எங்கே திறக்க வேண்டும், மற்றவற்றுக்கு மேலேயா கீழேயா, திறந்ததும் கீபோர்டு அதன் வசம் போகலாமா கூடாதா என்று ஒவ்வொன்றுக்கும் ரூல் எழுதி வைத்திருந்தேன். விண்டோவின் பெயரைக் கொடுத்தால் போதும், சொன்ன பேச்சைக் கேட்கும். ஒன்பதாவது டெஸ்க்டாப் காலியாகவே கிடந்தது.

அக்காவை உங்களுக்குத் தெரியும். ஆனால் கட்டிலில் கிடந்த அக்காவைத்தான் தெரியும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள். தெருமுனையில் அவள் போடும் சத்தத்தில், பக்கத்து வண்டிக்காரர்களும் கிளட்சை மிதிப்பார்கள். எனக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். நான் எதைக் கண்டாலும் பிரேக்கையே மிதித்தேன் என்று எனக்கு 'பிரேக்கு' என்று பெயர் வைத்துவிட்டாள். முதலில் அவள் கால் துவண்டது. பிறகு கை, பிறகு நாக்கு. எச்சில் விழுங்கக்கூட முடியாமல் போனபோது கண்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களுக்குப் பெற்றோரும் இல்லை. எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பகலில் வீட்டில் இருப்பவன் நான்தான். பொறுப்பு என்னுடையது.

நீங்கள் பொருத்திய கருவி எங்களுக்கு வரமாகத்தான் இருந்தது. அவள் கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தால் அது சொல்லாகும், கருவி அதைக் குரலாகவும் சொல்லும். அடுத்த அறையில் இருக்கும் என் திரையில் ஒரு சின்ன விண்டோவாகத் திறக்கும். நான் பதில் அடித்தால் அவளுக்கு வாசித்தும் காட்டும். முதல் நாள் அவள் அனுப்பிய முதல் செய்தி, "டேய் பிரேக்கு, இத்தனை நாளா என் தலையை இடப்பக்கமா சாச்சு வெச்சிருக்கியே, சுவத்துல என்னடா இருக்கு?" என்பது. நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். மனைவிக்குச் சிரித்தபடியே அழுகையும் வந்துவிட்டது.

ஒரு குறை இருந்தது. அந்த விண்டோ திறக்கும்போதெல்லாம் கீபோர்டைப் பிடுங்கிக்கொள்ளும். நான் யாருக்கோ எழுதிக்கொண்டிருக்கும் பாதி வரி அக்காவுக்குப் போய்விடும். "தங்களுடைய குளிர்சாதனப் பெட்டி" என்று அவளுக்குப் போகும். "என் பெட்டியை ஏன்டா இப்பவே பாக்குற?" என்று பதில் வரும். இதையெல்லாம் அன்றைக்கே சரிசெய்திருக்கலாம். ஒரு வரி வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலை நிறைய வேலை இருந்தது. அக்காவுக்கு இரவெல்லாம் சளி, நானும் தூங்கவில்லை. ஆபீஸில் கூட வேலை செய்பவர் அரட்டையில், "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நான் திரையைப் பார்க்காமல் வேகமாக அடிக்கிறவன். "இருக்கா. எப்ப முடியும்னுதான் தெரியல. செத்தா நிம்மதி" என்று அடித்து என்டரைத் தட்டினேன். நிமிர்ந்தபோது அது அக்காவின் விண்டோவில் இருந்தது. அடுத்த விநாடி சுவருக்கு அந்தப் பக்கம் கருவி தன் நிதானமான பெண் குரலில் அதை வாசித்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

நான் எழுந்து போகவில்லை. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. "நிம்மதி ரெண்டு பேருக்கும்தான்டா. அதுக்கு முன்னாடி வந்து கொஞ்சம் முதுகு சொறிஞ்சு விட்டுட்டுப் போ."

போனேன். அவளைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைச் சொறிந்துவிட்டேன். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவளுக்கு வேறு பேச்சே இல்லை என்பதால் அந்தக் கண்கள்தான் அவள் பேச்சு. அதன் பிறகு நான் அவளுக்குச் சோற்றுக் கஞ்சியைக் குழாயில் ஊற்றும்போதும், துணி மாற்றும்போதும், தொண்டையில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் போடும்போதும் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலமே அவள் என் மனைவியிடம் சொல்லிக் கருவியின் குரலை நிறுத்திவிட்டாள். "ஆபீஸ் நேரத்துல நான் வாயைத் திறக்க மாட்டேன், அவனுக்குத் தொந்தரவு" என்றாளாம். மனைவிக்கு எதுவும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அன்றைக்குத்தான் முதல் ரூலை எழுதினேன். அக்காவின் விண்டோ கீபோர்டைப் பிடுங்கக்கூடாது என்று. நியாயமான ரூல். ஆனாலும் அந்த விண்டோ திரையின் ஓரத்தில் திறக்கும்போதெல்லாம் காது சூடாகும். அதில் "மழையாடா வெளிய?" என்றுதான் இருக்கும். எனக்கு என்னுடைய வாக்கியம்தான் தெரியும். ஆகவே இரண்டாவது ரூலில் அது மற்ற விண்டோக்களுக்குக் கீழே திறக்கும்படி செய்தேன். மூன்றாவதில் அது திறக்கும்போது வரும் சத்தத்தை எடுத்தேன். நான்காவதில் அதை ஒன்பதாவது டெஸ்க்டாப்புக்கு அனுப்பினேன். அரைமணிக்கு ஒரு தரம் ஒன்பதாவதுக்குப் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அது சாப்பாட்டு வேளைக்கு ஒரு தரம் என்று ஆனது. பிறகு மனைவி வருவதற்குச் சற்று முன்பு ஒரே தரம். மொத்தமாகப் படித்தால் நேரம் மிச்சம். "மூக்கு அரிக்குது பிரேக்கு" என்று காலையில் வந்ததை மாலையில் படிப்பேன். அதற்குள் அரிப்பு தானாகவே போயிருக்கும்.

அவளை நான் பட்டினி போடவில்லை. வேளாவேளைக்குப் போய்ச் செய்யவேண்டியதைச் செய்தேன். எச்சில் உறிஞ்சுவதற்கும் நேரம் குறித்து வைத்திருந்தேன், ஒருநாளும் தவறியதில்லை. அவளுக்கு வேண்டிய நேரத்தில் இல்லை, குறித்த நேரத்தில். அப்போதெல்லாம் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்தி என் கணினியில் திறந்துவிட்டால் அவள் திரையில் 'பார்த்தாச்சு' என்று வரும்படி நீங்கள் வைத்திருந்தீர்கள். ஒன்பதாவது டெஸ்க்டாப்பில் யாரும் இல்லாத இடத்தில் திறந்தாலும் திறந்ததுதான். எனக்கு அது முதலில் தெரியாது. ஒரு நாள் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "ஏங்க, அண்ணி அனுப்புறதைப் பார்த்துட்டு ஏன் பேசாம இருக்கீங்க? உடனே பார்த்தாச்சுன்னு வருதாம், ஆளைத்தான் காணோமாம்" என்றாள். "வருத்தப்பட்டாளா?" என்று கேட்டேன். "இல்ல, சிரிக்கிறாங்க. பிரேக்கை மிதிச்சிட்டான், வண்டி நகராதுன்னு சொல்றாங்க" என்றாள்.

தலைகுனிந்து சாப்பிட்டேன். கண்ணெதிரே செய்தியைப் படித்துவிட்டுத் தம்பி வராமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், தினமும், பலமுறை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், உன்னை நான் பார்க்காத இடமாகப் பார்த்து ஒதுக்கிவைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் அந்தக் காலைப்பொழுதைச் சொல்ல வேண்டும். "வேலை அதிகம்" என்று மனைவியிடம் சொன்னேன். கல்நெஞ்சக்காரன் என்று அக்கா நினைத்தாலும் பரவாயில்லை, கோழை என்று தெரியவேண்டாம் என்று இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அன்று காலை நீங்கள் உங்கள் இடத்திலிருந்தே கருவிக்குப் புதிய பதிப்பு போட்டீர்கள், மத்தியானம் அக்கா போய்விட்டாள். அவள் திரையில் கடைசிச் செய்திக்குக் கீழே 'பார்த்தாச்சு' என்று இருந்தது. மனைவி அதைக் காட்டி என்னிடம் கேட்டாள். "எனக்கு எதுவுமே வரல. கருவியில கோளாறு" என்றேன். அவள் உடனே நம்பினாள். இல்லாவிட்டால் வேறு எதை நம்ப வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள்மீது புகார் எழுதியவள் அவள். வாசகத்தைத் திருத்திக்கொடுத்தவன் நான், அது என் தொழில். நேற்று நீங்கள் என் வீட்டு வாசலில் நின்று, "சார், நான் நாலு தடவை சோதிச்சுட்டுத்தான் போட்டேன். எங்க தப்புன்னு தெரியல. அக்கா முகம் கண்ணுலயே நிக்குது" என்று அழுதீர்கள். உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உட்காருங்கள் என்றுகூடச் சொன்னேன்.

உங்கள் கருவியில் கோளாறு இல்லை. புதிய பதிப்பில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது, விண்டோவின் பெயர். பழைய பெயரை வைத்து நான் எழுதியிருந்த ரூல்கள் எதுவும் அதைப் பிடிக்கவில்லை. நான் ஒரு வாடிக்கையாளருக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் விண்டோ திரையின் நடுவில், எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. "பிரேக்கு, எச்சில் இறங்கிடுச்சு. மூச்சு முட்டுது. ஓடி வா." ஒவ்வோர் எழுத்தையும் அவள் கண்ணால் தேடிப் பொறுக்கியிருக்கிறாள். எல்லாரும் பழி சொல்லும் அந்தப் புதிய பதிப்பு செய்தது இவ்வளவுதான், அவளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. இத்தனை நாளில் 'பார்த்தாச்சு' என்பது அன்றைக்கு மட்டும்தான் உண்மை.

படித்தேன். அர்த்தமும் புரிந்தது. ஆனால் எனக்கு முதலில் வந்தது எரிச்சல், ரூல் ஏன் வேலை செய்யவில்லை என்று. இரண்டு கீயை அழுத்தி அந்த விண்டோவை என் கையாலேயே ஒன்பதாவதுக்குத் தள்ளினேன். திரை பழையபடி சுத்தமானது. இதை முதலில் சரிசெய்துவிட்டுப் போவோம், நாலு எழுத்து மாற்றுவதுதானே என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன், போகக்கூடாது என்று நினைக்கவில்லை. புதிய பெயர் என்னவென்று கண்டுபிடித்தேன். ரூல்களில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதையும் திருத்திச் சேமித்தேன்.

இந்த மாதிரி ரூலை எழுதிவிட்டு அப்படியே எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே வழி, அந்த விண்டோ இன்னொரு முறை திறக்க வேண்டும். அதாவது அக்கா இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுவதிலும், அவளிடமிருந்து ஒரு செய்தி வர வேண்டுமே என்று நான் மனதார விரும்பியது அந்தக் கொஞ்ச நேரம்தான்.