நாற்பத்திரண்டாவது வீடு

அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று நான் எண்ணுவதில்லை, ஐயா. காதில் விழுகிறது, அவ்வளவுதான். ஊரில் எனக்கு ‘வானொலி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வெள்ளக் குழுவில் தொலைபேசி வேலையை என் தலையில் கட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் பாலத்துக் காவலாளி எனக்குச் சொல்வார். கரையோரத்து நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நான் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் ஊரையே கிளப்பிவிடுவேன்.

மூன்று வருடத்தில் இரண்டு வெள்ளம். இரண்டு தடவையும் எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிவிட்டேன். ஒரு பூனைகூடச் சாகவில்லை. பிறகு நிவாரண அதிகாரி வந்தார். ஈரச் சுவரை ஒரு விரலால் தொட்டார், அந்த விரலைத் துடைத்துக்கொண்டார்.

“கரைச்சுவர் கேக்குறீங்க. உயிர்ச்சேதம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அது காலியா இருக்கே. காலியா இருந்தா போர்வைதான்.”

“அப்ப நாங்க செத்துக் காட்டணுமா சார்?” என்றார் எங்கள் தலைவர்.

“நான் சொல்லலைங்க. ஃபாரம் சொல்லுது.”

போர்வை வந்தது. போர்த்தினால் அரிக்கும். எல்லோரும் அந்தப் படிவத்தை வாயார வைதார்கள். முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். எத்தனை உயிர் என்று அதில் போட்டிருக்கவில்லை. ஒன்று போதும்.

அவசரப்பட்டு நான் யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. முனை வீட்டில் கைக்குழந்தை. தையல்காரிக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். பால்காரர் போனால் காலையில் ஊருக்கே சிரமம். மாமியாரும் மருமகளும் ஓயாமல் சண்டை போடும் வீடு ஒன்று உண்டு. அவர்கள் போனால் எனக்குப் பொழுது போகாது. கடைசி வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர், தனிக்கட்டை. வயது எழுபத்தொன்பது. மகன் வெளியூரில். ஒருவர் வீட்டுப் படியும் ஏறமாட்டார், யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்படிப்பட்ட மனிதரால் ஊருக்கு என்ன பிரயோசனம், நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது வெள்ளம் மத்தியானம் வந்தது. நாற்பத்தொரு வீட்டுக்குப் பேசினேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் அழைப்புப் பட்டியல் சரிதான். அதில் எனக்கு வந்த அழைப்பு ஒன்றும் இருக்குமே, அது அவருடையது.

“ஏம்மா, எல்லாரும் மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்களே, நானும் கிளம்பணுமா?”

“உங்க பக்கம் வராதுங்கய்யா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருங்க.”

“சரிம்மா. நீ சொன்னாச் சரிதான்.”

மரியாதையான மனிதர்.

கட்டம் நிரம்பியது. எட்டே மாதத்தில் சுவர் எழுந்தது. போன மாத வெள்ளத்தில் ஒரு வாசற்படிகூட நனையவில்லை; இதை உங்கள் குறிப்பில் எழுதிக்கொண்டீர்களா?

திறப்பு விழாவுக்கு அவர் மகன் வந்திருந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

“எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னீங்களாமே, அத்தை. அப்பாதான் எடுத்திருக்க மாட்டாரு. பிடிவாதம் அவருக்கு.”

ஆமாம் என்று தலையாட்டினேன். பெற்ற அப்பாவைப் பற்றிப் பிள்ளையே சொல்லும்போது, மறுத்துப் பேசி அவன் மனதை நோகடிப்பானேன்? ஒருவருக்கும் கெடுதல் செய்து எனக்குப் பழக்கமில்லை, ஐயா.