மயக்கம் குடுக்காத எலிகள்

இன்வெர்ட்டரப் போடாதீங்க. இருட்டாவே இருக்கட்டும்... கதவச் சாத்திப்போட்டு வந்து உக்காருங்க.

விடியக்காலம் நாலே முக்கால். துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டுலருந்து ஒரு மண்ரோடு பிரியுதுங்க. தெருலைட்டு கெடையாது. ஒரு பொண்ணு தனியா ஸ்கூட்டில போறா. நம்ம கதிரோட மாமன் மக, சண்முகப்ரியா. அந்த ரோட்டுக் கடேசில ஒரு ஆராய்ச்சிக்கூடம்... பேரு வேண்டாம். அங்க எலி ரூம்ல வேல. முன்னாடி அவ அப்பா மாசாணம் பாத்த வேலதான்.

ஆபரேசன்ல மாஸ்க்கு வெச்சு மயக்கம் குடுக்கறாங்கல்ல, அதே கேஸ். எலியக் கண்ணாடிப் பொட்டில உட்டு, தெனமும் அஞ்சுலருந்து ஆறு மணி வரைக்கும் குடுக்கோணும். நாப்பது நாள். பாதி எலிக்கு கேஸ், மீதிக்கு வெறும் ஆக்சிஜன். கடேசில ரெண்டு கூட்டத்தையும் கொன்னு, மூளைய எடுத்து, எந்த ஜீன் வேல செய்யுது, எது அடங்கிப்போச்சுன்னு ஒத்துப் பாப்பாங்க.

மாசாணம் வேல பாத்தப்ப, மிச்ச கேஸ் வெளிய போற குழாய் கீறல் உட்டுப் போச்சு. ரூம்ல இனிப்பா ஒரு வாசம்... கனிஞ்சு போன பழமாட்ட. மாசாணம் மூணு தடவ சொல்லியிருக்காரு. ரவிதேஜான்னு ஒரு சாரு, பெரிய படிப்பு. "நாப்பது நாள் முடியட்டும் மாசாணம், நடுவுல எதையும் மாத்தக் கூடாது"ன்னாரு. ஏசி வீணாப் போகுதுன்னு ஜன்னலையும் சாத்திப்போட்டாங்க.

முப்பத்திரெண்டாம் நாள்... மாசாணம் சேர்ல உக்காந்த வாக்குலயே போய்ட்டாரு. குடிச்சுப்போட்டு கேஸத் தொறந்து உட்டுட்டாருன்னு எழுதி முடிச்சாங்க. பீடி கூடத் தொடாத மனுசன். இப்பச் சொன்னாலும் எனக்கு வயிறு எரியுதுங்க. பொண்ணுக்கு அதே ரூம்ல வேல குடுத்து வாய அடச்சாங்க. அவ எதுக்குப் போனா? அப்பா குடிக்கலைன்னு அந்த ரவிதேஜா வாயால ஒரு வார்த்த கேக்கோணும். அதுக்குத்தான்.

ரிசல்ட்டு வந்துச்சு. மயக்கம் குடுக்காத எலிக்கும் ஜீனெல்லாம் அதே மாதிரி மாறிக் கெடக்குது. ரூம் பூராவும் கேஸ் நின்னுருக்குதுன்னு சின்னக் கொழந்த சொல்லும். சாருக்குத் தெரியாதா? "உங்கப்பன் போதைல கூண்ட மாத்திப்போட்டான்"னு அவகிட்டயே சொல்லி, அத்தனையும் குப்பைல போட்டாரு. புது எலி, புதுக் குழாய், மறுபடியும் மொதல்லருந்து.

மொத நாள். கேஸாகற மருந்து பாட்டிலே இன்னும் வரல. அஞ்சு மணி... கீச்சு கீச்சுன்னு கத்திட்டிருந்த எலிக கப்புன்னு அடங்குச்சு. ஒண்ணொண்ணாச் சாயுது. அந்த வாசம்... ஆறு மணிக்கு எந்திரிச்சு மூஞ்சியத் தொடச்சுக்குது.

அடுத்த நாளும். அதுக்கடுத்த நாளும்.

சாருகிட்டச் சொன்னா. "நானே வாரேன்"னாரு. வந்தாரு. இருந்தது ஒரே சேரு... அதுலயே உக்காந்தாரு. அஞ்சு மணி. எலிக சாஞ்சுது. சாரு மூக்க உறிஞ்சுனாரு. "இது... அந்தக் குழாய்ல வந்த வாசம்"னாரு.

"அப்ப எங்கப்பா குடிக்கலீங்கல்ல, சார்?"

"இல்ல..."

அவ்வளவுதான். தல சாஞ்சுபோச்சு. அவ கேக்க வந்த வார்த்த வந்துருச்சு. வந்து என்னத்துக்கு? கேட்டது அவ ஒருத்திதான்.

ஆறு மணி. எலிக எந்திரிச்சுது. சாரு எந்திரிக்கல.

உனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலைன்னு கதிர் கேட்டிருக்கான். அவ சொன்னாளாம்...

"சாரு தல சாஞ்சதும் பொறத்தாலருந்து ஒரு கை வந்து எம்மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்திருச்சு. சில்லுன்னு இருந்துச்சு... ஆறு மணிக்குத்தான் எடுத்துச்சு. ஒரு மணி நேரம், நான் மூச்சே உடல."