பிரெஞ்சு முடியும் முன்தண்டும்

நிஷானி: பொறுங்கோ, பொறுங்கோ... பிரான்ஸில இப்ப ராசாவே இல்லையே?

றொகான்: இல்லை.

நிஷானி: ஆனா ராசாவின்ர கதிரைக்குச் சண்டை நடக்குது.

றொகான்: ஓம். மூண்டு ராசவீடு. நெப்போலியன்ர ஆக்களை விடுங்கோ. முக்கியமா ரெண்டு.

நிஷானி: இல்லாத கதிரைக்கு!

றொகான்: சிரிக்காதைங்கோ, பக்கத்து மேசைக்காரர் பாக்கினம்.

நிஷானி: பொம்பிளை பாக்க பரமட்டாக் கோப்பிக்கடைக்கு வந்த ஆள், கோப்பி வந்த உடனே பிரெஞ்சு அரியணையைத் தூக்கி மேசையில வச்சா என்ன செய்யிறது? சமைப்பியளோ எண்டெல்லோ கேப்பினம்.

றொகான்: பொழுதுபோக்கு என்னெண்டு கேட்டது நீங்கள்தானே!

நிஷானி: கிரிக்கெட் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சுக் கேட்டன்... சரி, சொல்லுங்கோ. என்ன வழக்கு?

றொகான்: முந்நூறு வருசத்துக்கு முந்தி, பிரான்ஸ் ராசா பதினாலாம் லூயின்ர பேரன் பிலிப். அவருக்கு ஸ்பெயின் முடி கிடைக்குது. ரெண்டு முடியும் ஒரு தலையில வரக்கூடாது எண்டு மற்ற நாடுகள் ஒரே பிடி. அப்ப பிலிப், பிரான்ஸ் எனக்கும் வேண்டாம், என்ர பரம்பரைக்கும் வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டார்.

நிஷானி: பிறகென்ன, அலுவல் முடிஞ்சுது.

றொகான்: எங்க முடிஞ்சுது? முடி என்ன அவற்ர சொந்தச் சாமானோ, வேண்டாம் எண்டு தூக்கிக் குடுக்க? அது சட்டத்தால வாறது. பிறக்காத பிள்ளையின்ர உரிமையை அப்பன் எப்பிடி விட்டுக் குடுக்கிறது? அதால மூத்த வழி எண்டா இண்டைக்கும் பிலிப்பின்ர வழிதான்...

நிஷானி: ஸ்பெயினை வாங்கேக்க இனிச்சது, எழுதிக் குடுத்தது மட்டும் கசக்குதோ?

றொகான்: ...என்ன?

நிஷானி: சும்மா கேட்டன். மற்ற வீடு?

றொகான்: ஒர்லியன்ஸ் வீடு. இளைய வழி. பிலிப் விட்டதால எங்களுக்குத்தான் எண்டுகினம்.

நிஷானி: பொம்பிளையளுக்கு?

றொகான்: ஒண்டுமில்லை. சாலிக் சட்டம். பொம்பிளையும் ஆளேலாது, பொம்பிளை வழியா வாற ஆம்பிளையும் ஆளேலாது. அதில மட்டும் ரெண்டு வீடும் ஒற்றுமை.

நிஷானி: அதில ஒற்றுமை இல்லாட்டித்தானே அதிசயம்!

றொகான்: நிஷானி... நான் ஒண்டு சொல்லோணும். பின்னேரம் நாங்கள் சம்பந்தம் பேசின கத்தரின் அன்ரிக்குப் பதில் சொல்லோணும், என்ன?

நிஷானி: ஓம். கட்டுறதோ இல்லையோ எண்டு.

றொகான்: நான்... இல்லையெண்டு சொல்லத்தான் வந்தனான்.

நிஷானி: ஓ.

றொகான்: உங்களில ஒரு பிழையும் இல்லை. என்ர மனசில ஒரு ஆள் இருக்கு.

நிஷானி: எந்த ஊர்ப் பிள்ளை?

றொகான்: தெரியாது.

நிஷானி: பேர்?

றொகான்: மூவர்ணம். அதாவது... இந்த வழக்கைப் பற்றிக் கதைக்க இணையத்தில ஒரு குழு இருக்கு. அதில எழுதிற பேர். ஒர்லியன்ஸ் பக்கம். நான் எதை எழுதினாலும் அடிச்சு நொறுக்கும். ஆனா வேலையால வந்த உடனே அதைத்தான் பாக்கிறன். அங்கயிருந்து பதில் வராட்டிச் சாப்பாடு இறங்குதில்லை.

நிஷானி: ஆள் வடிவோ?

றொகான்: போட்டோ இல்லை.

நிஷானி: பொம்பிளைதானே?

றொகான்: ...அதுவும் சரியாத் தெரியாது.

நிஷானி: ஐயோ! பரிஸில ஒரு பல்லுப்போன கிழவனாயும் இருக்கலாம்.

றொகான்: இருக்கலாம். எண்டாலும் அந்த நினைப்போட உங்களைக் கட்டினா அது அநியாயம்.

நிஷானி: பல்லுப்போன கிழவனுக்காக என்னை வேண்டாமெண்ட முதல் ஆள் நீங்கள்தான்.

றொகான்: பகிடி விடாதைங்கோ. எனக்கு உண்மையாவே மனசு கஷ்டமா இருக்கு.

நிஷானி: சரி, விடேல்ல. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. மூத்த வழி, மூத்த வழி எண்டு இந்தப் பாடு படுறியள். உங்கட வீட்டில மட்டும் ஏன் மாறி?

றொகான்: எங்கட வீட்டிலயோ?

நிஷானி: உங்கட கோயில் மாதா திருநாளில சுரூபம் தூக்கேக்க முன்னால தோள் குடுக்கிற முன்தண்டு உரிமை உங்கட வீட்டுக்குத்தானே? உங்கட பெரியப்பா எனக்கு வேண்டாம் எண்டு தம்பியிட்ட, உங்கட அப்பாட்ட, விட்டிட்டுக் கனடாவுக்குப் போட்டார். இப்ப அவற்ர மகன் வந்து, மூத்த வழி நான்தான், தாங்கோ எண்டு கேக்கேக்க நீங்கள் தண்டை விடேல்லையே. கோயிலில மட்டும் ஒர்லியன்ஸ் கட்சியோ?

றொகான்: அது... அது வேற. பெரியப்பா எல்லாருக்கும் முன்னால வேண்டாமெண்டு சொன்னவர்... பொறுங்கோ. இதை நான் உங்களுக்குச் சொல்லேல்லையே?

நிஷானி: இல்லை.

றொகான்: மூவர்ணத்துக்கு மட்டும்தான் எழுதினனான்.

நிஷானி: ஓம். அண்டைக்கு நான் கேட்ட இதே கேள்விக்கு இன்னும் பதில் வரேல்ல.

றொகான்: ...நீங்களோ?

நிஷானி: பல்லெல்லாம் இருக்கு. எண்ணிப் பாக்கிறியளோ?

றொகான்: மாதாவே! அப்ப... கத்தரின் அன்ரி இந்தச் சம்பந்தத்தை எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்தது... தற்செயலாவோ?

நிஷானி: என்ன தற்செயல்? "முன்தண்டுக்குச் சண்டை பிடிக்கிற வீடு எது அன்ரி, அங்க கலியாணம் கட்டாத பெடியன் ஆரும் இருக்கினமோ?" எண்டு அவாட்டப் போய்க் கேட்டதே நான்தான்.