மஞ்சள் வெச்ச மடிப்பு நோட்டீசு

இருங்க மாமா, ஓங்குன குடையக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க. நான் எங்கீங்க ஓடப்போறேன்? இன்னிக்குத்தானுங்களே கடை தெறப்பு. ராசிபுரத்துல இத்தனை வருசம் தறியில உக்காந்திருந்த இந்த வீரபாகு இன்னிக்குத்தானுங்க மொதலாளி. மொத நாளே அடி வாங்குனா யாவாரம் வெளங்குமுங்களா?

உங்க மக பேரு என்ற நோட்டீசுல எப்படி வந்துச்சு, அதுதானுங்களே? அது உங்க மக பேரு இல்லீங்க. சீலை பேரு. கமலவேணிச் சீலை. புதுச் சீலைக்கு ஒரு பேரு வேணுமுங்களே. ஏனுங்க, உலகத்துல வேற கமலவேணியே இல்லீங்களா? செரி, நம்ம தெருவுல இல்லை. ஒத்துக்கறனுங்க.

இது ஒத்தைக் காயித நோட்டீசு இல்லீங்க மாமா, மடிப்பு நோட்டீசு. புஸ்தகமாட்டம் தெறந்து பாக்கோணும். சேலத்துத் துணிக்கடைக்காரங்கெல்லாம் இப்ப அப்படித்தானுங்க போடறாங்க. ஆயிரம் அடிச்சேன். மடிக்க ஆளில்லாம உங்கூட்டுக்குத்தானே கொண்டாந்தேன்? அத்தை மடிச்சாங்க, உங்க மகளும் மடிச்சுது. நீங்களே ஆட்டையாம்பட்டி முறுக்கைக் கடிச்சுக்கிட்டு ஒரு நூறு மடிச்சீங்க. கண்ணாடி போடாம மடிச்சது என்ற குத்தமுங்களா?

வாசகமா? அச்சுக் கோக்கறவரு பாவமுங்க. வருசம் பூராவும் கண்ணாலப் பத்திரிகை கோத்துக் கோத்துக் கை அப்படியே பழகிப்போச்சு. தை பன்னெண்டு, ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள, சுற்றமும் நட்பும் சூழ வருகன்னு போட்டுட்டாரு. மேல எம்பேரு, கீழ சீலை பேரு. கடைங்கற வார்த்தை மடிப்புக்குள்ள போயிருச்சு. போதாக்கொறைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள். ஆரு வெச்சாங்களோ போங்க! மஞ்சள் வெச்ச காயிதத்த நம்ம பக்கம் ஆருங்க தெறந்து படிக்கறாங்க? தேதி என்னன்னு கேட்டுக்கிட்டு, சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டு, வண்டியக் கட்டிப்போடறாங்க.

எட்டிப் பாருங்க வெளிய. எருமப்பட்டியிலிருந்து மட்டும் ஆறு வண்டி ஒறம்பரைச் சனம். மேளக்காரரு கூப்புடாமயே வந்து நாயனத்துச் சீவாளிய நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாரு. வாழைத்தாரு, அரிசி மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி வேற. அது என்ற கல்லாவுக்குள்ள படுத்திருக்குது. ஒருத்தராச்சும் சீலை என்ன வெலைன்னு கேக்கோணுமுங்களே! பந்தி எப்பங்கறாங்க.

அதுலயும் பாவாயி ஆத்தா இருக்காங்களே, அவிகளுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்களா? சீலை அழகு தெரியட்டும்னு நான் வாசல்ல வாழைமரத்துக்குக் கட்டி நிறுத்தியிருந்தேன். பொண்ணு நல்ல ஒசரம், நெம்ப அடக்கம், எத்தனை கேட்டாலும் வாயே தொறக்கலைன்னு அரிசி போட்டு வாழ்த்திட்டாங்க. அதோட விட்டாங்களா? வளையல் போடோணும்னு கையத் தேடுனாங்க. ரண்டு பக்கமும் தடவிப் பாத்துட்டு, ஐயோ பாவம், இந்தப் புள்ளைக்குக் கையே இல்லையேன்னு ஒரே அழுகை. பொழுது விடிஞ்சதுலருந்து அவிகளத் தேத்தறதுதானுங்க என்ற யாவாரம்.

சிரிச்சீங்களா இப்ப? இல்லீங்களா? செரிங்க.

தெரியுமுங்க மாமா. உங்க மகளுக்குப் பாத்த திருச்செங்கோட்டு வரனுக்கு வாக்குக் குடுக்கப் போறீங்கன்னு தெரியும். நீங்க இப்பப் போயி இது கண்ணாலம் இல்லைன்னு ஒரு சத்தம் போட்டா, இந்த சனம் பூரா ஏமாத்திட்டான்னு என்னை வெய்யும். கடை தெறந்தன்னிக்கே மூடிருவேன். அது போகட்டும், மறுக்காத் தறிக்குப் போயிக்கலாம். அந்த இன்னொண்ணு போச்சுன்னா எங்கீங்க போறது?

மஞ்சள் வெச்சது ஆருன்னா... நானுன்னே வெச்சுக்கங்க. அடிங்க. கையக் காட்டோணுமா? இந்தாங்க. நகக்கண்ணு பூரா நீலச் சாயம். மஞ்சள் எங்கீங்க இருக்குது? அத்தைய இழுக்காதீங்க, அவிகளுக்கு ஒண்ணும் தெரியாது.

சீலைக்குப் பேரு வெச்சதோட செரிங்க நான். கடைங்கற வார்த்தை மேல தெரியற மாதிரிதான் மடிக்கச் சொன்னேன். அத உள்ள தள்ளி மடிச்சதும், உங்களுக்கு அப்படியே மடிக்கச் சொல்லிக் குடுத்ததும், நாலு மூலையிலயும் விரலால மஞ்சளத் தொட்டுத் தொட்டு வெச்சதும், உங்கூட்டுலிருந்தே ஊரூருக்குக் குடுத்தனுப்புனதும் உங்க மகதானுங்க. ஆயிரத்துக்கும். சத்தியமா எனக்கே வண்டிக வந்து நின்ன பொறவுதான் தெரியும்.

மணி பத்தே காலுங்க. வாசல்ல அந்த வாழைமரம் மொட்டையா நிக்குது பாருங்க. உங்க மக அந்தச் சீலைய அவுத்துக் கட்டிக்கிட்டுக் கடைப் பின்னறையில உக்காந்திருக்குது. பாவாயி ஆத்தா அழுகைய நிறுத்திட்டாங்க. அவிகளுக்குக் கை கெடைச்சிருச்சுங்க.