வலது காலு

பத்தாவது ஆளு வரலியா சார்? பஸ்லயே வயித்த வலின்னு படுத்துட்டாரா, பாவம். ஆமா, தெரியும், பத்து யூத ஆம்பள இல்லாம உங்க தாத்தா கல்லறையில, செத்தவங்களுக்குச் சொல்ற அந்த ஜெபத்தச் சொல்லக் கூடாது. எங்க போலந்து பாஷ நல்லாப் பேசுறீங்களே! உங்கம்மா சொல்லிக்குடுத்ததா? அதான் பாத்தேன்.

ஏன் சிரிக்கிறீங்க, தாடியா? நெசத் தாடி இல்ல சார், கோந்து. கிறிஸ்மஸ் தாத்தா தாடிக்குக் கறுப்பு மை அடிச்சது. வேர்த்தா கன்னமெல்லாம் ஒழுகுது.

எம்பேரு ரோமுவால்ட். குழாய் ரிப்பேரு. இந்தக் கல்லறைத் தோட்டத்துச் சாவியும் எங்கிட்டதான். எங்க ஊருல யுத்தத்துக்கு முன்னாடி பாதிப்பேரு யூதருங்க. ஜெர்மன்காரங்க அத்தன பேரையும் ரயில்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. ஒருத்தரும் மிஞ்சல. அதனால வருஷா வருஷம் அவங்க நெனவா சந்தத் தெடல்ல யூதக் கல்யாணம் நடிச்சுக் காட்டுறோம். இன்னைக்கும் அதான், வேஷத்தோடயே வந்துட்டேன். நான்தான் மாப்பிள்ள. ஏன்னா தாடி எங்கிட்டதான் இருந்துச்சு. பொண்ணு மருந்துக்கட போஜெனா. பன்னெண்டு தடவ அவளக் கட்டியாச்சு. எம்பொண்டாட்டி ஹலினா முன்வரிசையில சூரியகாந்தி வெத கொறிச்சுக்கிட்டே கைதட்டுவா.

கடைசில மாப்பிள்ள கண்ணாடி டம்ளர மிதிச்சு ஒடைக்கணும்ல? மொத வருஷம் ஓங்கி மிதிச்சேன், அது ஒடையாம உருண்டு மேயர் காலடியில போய் நின்னுச்சு. ஒரே விசிலு. எங்கம்மா மட்டும் சிரிக்கல. வீட்டுக்கு வந்து திட்டுனாங்க: எரும, எடது காலாலயா மிதிப்பாங்க, வலது காலுடா!

ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போற பொம்பள. இது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்னு அம்மாகிட்டக் கேக்கத் தோணல பாருங்க. ஊரு வீட்டுல எல்லாம் எங்க ஓட்டைன்னு கரெக்டாச் சொல்றவன், சொந்த வீட்டுல கோட்ட விட்டுட்டேன்.

ஜனவரில அம்மா போய்ச் சேந்தாங்க. அதுக்கு மொத நாள் பக்கத்துல கூப்பிட்டு, எம்பேரு கெனோவெஃபா இல்லடா, ஃபெய்கா, யூதப் பேருன்னாங்க. ரயில்ல ஏத்துறதுக்கு முன்னாடி, ஆறு வயசுல, பெத்தவங்க ஒரு பால்காரம்மா வீட்டுல விட்டுட்டுப் போன புள்ளையாம். வலது காலு, அவங்க அத்த கல்யாணத்துல பாத்ததாம். இப்ப சிலுவைக்குக் கீழ படுத்திருக்காங்க, அவங்களுக்கு அந்த ஜெபத்தச் சொல்ல ஆளில்ல. ஹலினாகிட்டகூட இன்னும் சொல்லல சார், உங்ககிட்டதான் மொதல்ல.

ஒருத்தன் யூதனா இல்லையான்னு அம்மா வழியிலதான் பாப்பீங்களாமே? அப்ப ஒம்பதோட நிக்க வேணாம். ஒரு நிமிஷம் இருங்க, இந்தத் தாடியப் பிச்சுப் போட்டுட்டு வந்துடறேன்.