மேற்கே செல்லும் கிருத்திகை

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் அமர்ந்திருந்தனர். மகளின் பிரசவத்துக்காக அந்த அம்மாள் கிருத்திகையன்று காலை தனியே லண்டனுக்குப் புறப்படவிருந்தார் என்பது அவர்கள் பேச்சிலிருந்து விளங்கிற்று.

"இந்தாமே, பிளேன்ல குடுக்கறத துன்னுடு," என்றார் கணவர்.

"கிருத்திகயும் அதுவுமா? பொழுது சாஞ்சாதான் சாப்பாடு."

"பதினோரு மணி நேரம் மேக்காலயே போவுதாம், பொண்ணு சொல்லிச்சு. பொழுதும் உன்கூடயே வந்துகினு இருக்கும். நீ எறங்கசொல்ல அங்க மத்தியானம்."

"அங்க சாயற வரிக்கும் இருக்கறேன்."

"உனக்குச் சக்கர கீது. மயங்கி வுழுந்தா யாரு பாப்பாங்க? இங்க சாஞ்சதும் வெளக்கேத்திட்டு போன் பண்றேன், துன்னு."

"கொயந்த பொறக்கப்போறது அங்க. அங்கத்திப் பொழுதுதான் கணக்கு."

கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சரி, நீ துன்னு. உன் வெரதத்த நான் இருக்கறேன். எனக்கு இங்க சீக்கிரமே சாஞ்சிடும்."

"டீ இல்லாம இருப்பியா நீ?"

அடுத்த நிறுத்தத்தில் இருந்த டீக்கடையைக் கணவர் எட்டிப் பார்த்தார். பிறகு, "இருக்கறேன்மே," என்றார்.

"அப்ப பிளேன்ல சாப்ட்டுப் போட சக்கர மாத்தரய கைப்பையிலயே வெச்சிடு," என்றார் அந்த அம்மாள்.