கோப்பி மொட்டு விரியும்வரை

கண்டி, சூசையப்பர் கல்லூரியில் முப்பதாண்டு கற்பித்து ஓய்வுபெற்று, நாளை தூத்துக்குடியிலுள்ள மகளிடம் புறப்படும் மரியான் பொன்னையா உபாத்தியாயர் அவர்களுக்கு உடனாசிரியர்கள் வாசித்தளித்த மடல்.

கணக்கில் கண்டிப்பும் கனிவில் கரைகாணாமையும் கொண்ட கண்ணியரே! ஓங்கிய பிரம்பால் அடிக்க மறந்து, அதை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு ஆண்டெல்லாம் தேடிய அருங்குணத்தோரே! வணக்கம்.

தங்கள் குடும்பத்தை இக்கல்லூரியோடு கட்டிவைத்தது ஒரு நேர்ச்சை. கோப்பித் தோட்டத்துக்கு ஆளாகக் கடல் கடந்து வந்த தங்கள் தந்தையார், மாத்தளைக் காட்டுவழியில் பேதி கண்டு விழுந்தபோது, பிழைத்தால் ஆண்டுதோறும் கோப்பியின் முதற் பூ அர்ச்சியசிஷ்ட சூசையப்பருக்கே என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தார். பூவைப் பறித்தால் பழமேது என்று முறைத்த துரையிடம் கெஞ்சிப் பூத்த கொம்பு ஒன்றை வாங்கி, வத்தேகமவிலிருந்து நடந்தே வந்து இக்கல்லூரிச் சூசையப்பர் சொரூபத்தின் கையில் கட்டினார். கொம்போடு கூட்டிவந்த தங்களையும் இங்கேயே படிக்க விட்டுப் போனார்.

பின்னர் இலைநோய் வந்தது. மலையெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்த கோப்பி மடிந்து தேயிலை ஏறியது. நேர்ச்சை தவறலாகாதென்று தங்கள் துணைவியார் அழகம்மா கல்லூரிச் சமையல் குசினிக் கிணற்றடியில் ஒரே ஒரு கோப்பிச் செடியைப் பிள்ளைபோல் காத்தார். அவர் கல்லறை சேர்ந்தபின் தாங்களே தண்ணீர் வார்த்தீர்கள்; வார்க்கும்போதே செடியோடு ஏதேதோ பேசவும் செய்தீர்கள்.

இவ்வாண்டு மழை பிந்தியது. மார்ச்சுத் திருநாளன்று சூசையப்பர் வெறுங்கையோடு பவனி வந்தார். கலங்கி நின்ற எங்களைப் பார்த்து, "பூக்கும்போது பூக்கும், சூசையப்பர் அவசரப்படுற ஆளு இல்ல" என்று சிரித்தீர்கள். அன்று மாலை கிணற்றடியில் தனியே நின்று தாங்கள் கண்ணைத் துடைத்ததை நாங்கள் பார்த்தோம்.

ஐயா! நேற்று மழை பெய்துவிட்டது. மொட்டுகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன. முதல் மழை விழுந்த ஒரு வாரத்தில் கோப்பி பூக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவரே தாங்கள்தானே! தங்கள் குடும்பத்தின் கை கட்டாத பூவைச் சூசையப்பரின் கையில் எப்படிப் பார்ப்போம்?

நூறாண்டு வாழ்கவென்று முடிப்பது மடலின் முறைமை. அந்த நூறாண்டை ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறோம். தங்களிடம் கேட்பது ஒரே ஒரு வாரம். மகளுக்கு நாங்களே தந்தி கொடுத்துவிட்டோம். கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடுங்கள்.

இன்று தங்களை வழியனுப்ப மனமில்லாத,
கல்லூரி உபாத்திமார்